பொதுச் செலவினக் கண்காணிப்பு (இந்தியா)

பொதுச் செலவினக் கண்காணிப்பு என்பது, அரசுக் கருவூலத்திலிருந்து பொதுச் சேவைகளுக்கும் நலத் திட்டங்களுக்கும் சுற்றுலாப் பணிகளுக்கும் பெருவிழாக்களுக்கும் வழங்கப்படும் பணம், அவை ஒப்புக்கொண்ட நோக்கத்திற்காக, ஒப்புக்கொண்ட அளவுக்குள், விதிகளின்படி செலவிடப்பட்டதா என்று ஆராயும் நடைமுறைகளின் தொகுப்பு ஆகும். இந்தியாவில் இப்பணியை நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றங்களும், அவற்றின் குழுக்களும், தலைமைக் கணக்குத் தணிக்கையரும் பகிர்ந்து செய்கின்றனர். தகவல் அறியும் உரிமைச் சட்டம், சமூகத் தணிக்கை ஆகியவற்றின் வழியாகப் பொதுமக்களும் இதில் பங்கு பெறுகின்றனர்.

இக்கண்காணிப்பு மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. செலவுக்கு முன் அவையின் ஒப்புதல், செலவின்போது துறையின் உள்கட்டுப்பாடு, செலவுக்குப் பின் தணிக்கையும் குழு ஆய்வும் என்பன அவை. இவற்றுள் மூன்றாவது கட்டமே வலுவானது. ஆனால் அது பணம் செலவான பின்னரே தொடங்குகிறது. ஆண்டுதோறும் தொடரும் பள்ளி, மருத்துவமனை போன்ற சேவைகளில் தணிக்கை கண்ட குறையை அடுத்த ஆண்டிலாவது திருத்த இயலும். ஒரே ஒருமுறை நடைபெறும் விழாவில் அந்த வாய்ப்பு இல்லை.

அரசியலமைப்பு அடிப்படை

அரசின் வரி வருவாய், கடன், பிற வரவுகள் அனைத்தும் அரசியலமைப்பின் 266-ஆம் உறுப்பின்படி தொகுப்பு நிதியில் சேர்கின்றன. சட்டத்தின் அனுமதியின்றி இந்நிதியிலிருந்து பணம் எடுக்க இயலாது. இதுவே செலவினக் கண்காணிப்பு முழுவதற்கும் அடித்தளம் ஆகும். இது தொடர்பான முதன்மையான உறுப்புகள்:

* 112-ஆம் உறுப்பு: ஆண்டு நிதிநிலை அறிக்கை (வரவு செலவுத் திட்டம்)
* 113-ஆம் உறுப்பு: மானியக் கோரிக்கைகள் மீது மக்களவையின் வாக்கெடுப்பு
* 114-ஆம் உறுப்பு: நிதி ஒதுக்கச் சட்டம்
* 115-ஆம் உறுப்பு: துணை மானியம், கூடுதல் மானியம், மிகைச் செலவு மானியம்
* 148 முதல் 151 வரையிலான உறுப்புகள்: தலைமைக் கணக்குத் தணிக்கையரின் பதவி, கடமை, அறிக்கை
* 267-ஆம் உறுப்பு: எதிர்பாராச் செலவு நிதி

மாநிலங்களின் நிதி நடைமுறைக்கு இவற்றை ஒத்த விதிகள் 202 முதல் 206 வரையிலான உறுப்புகளில் உள்ளன.

செலவுக்கு முந்தைய கண்காணிப்பு

ஒவ்வொரு துறையும் தனக்குத் தேவையான தொகையை மானியக் கோரிக்கையாக அவையின் முன் வைக்கிறது. உறுப்பினர்கள் அதைக் குறைக்கக் கோரி வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். வெட்டுத் தீர்மானம் மூவகைப்படும். துறையின் கொள்கையை ஏற்காதபோது கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கக் கோருவது முதல் வகை. செலவைச் சிக்கனப்படுத்தும் நோக்கில் ஒரு குறிப்பிட்ட தொகையைக் குறைக்கக் கோருவது இரண்டாம் வகை. ஒரு குறையைச் சுட்டிக்காட்டுவதற்காக 100 ரூபாயைக் குறைக்கக் கோருவது மூன்றாம் வகை. பெரும்பான்மை பெற்ற அரசு இருக்கும்போது இத்தீர்மானங்கள் நிறைவேறுவது அரிது. எனினும், துறை அமைச்சரிடமிருந்து அவையில் விளக்கம் பெற இவை உதவுகின்றன.

1993-ஆம் ஆண்டு முதல், நாடாளுமன்றத்தில் துறைசார் நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை விரிவாக ஆராய்கின்றன. தொடக்கத்தில் 17 ஆக இருந்த இக்குழுக்களின் எண்ணிக்கை 2004-இல் 24 ஆக உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு குழுவிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இடம்பெறுவர். சுற்றுலா அமைச்சகத்தின் கோரிக்கைகளைப் போக்குவரத்து, சுற்றுலா, பண்பாடு ஆகியவற்றுக்கான நிலைக்குழு ஆராய்கிறது. சென்ற ஆண்டு ஒதுக்கிய தொகை ஏன் முழுமையாகச் செலவாகவில்லை, திட்டப் பணிகள் ஏன் முடியவில்லை என்பன போன்ற வினாக்கள் இங்கு எழுப்பப்படுகின்றன. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. வெட்டுத் தீர்மானத்தின் தன்மையுடைய பரிந்துரையைக் குழு அளிக்கவும் இயலாது.

அவையில் விவாதத்திற்கு ஒதுக்கிய நாட்கள் முடிந்ததும், எஞ்சிய கோரிக்கைகள் அனைத்தும் விவாதமின்றி ஒரே நேரத்தில் வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. இம்முறை 'கில்லட்டின்' எனப்படுகிறது. 2018-லும் 2023-லும் மக்களவையில் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் இவ்வாறு விவாதமின்றியே நிறைவேறின.

தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும் கொள்கை விளக்கக் குறிப்புடன் அவையில் வைக்கப்படுகிறது. ஒரு திட்டத்திற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதன் பணி எந்நிலையில் உள்ளது என்பதைப் பொதுமக்கள் தமிழிலேயே படித்தறிய உதவும் ஆவணம் இது.

செலவின்போதான கட்டுப்பாடு

ஒதுக்கப்பட்ட பணத்தைத் துறைகள் பொது நிதி விதிகளுக்கு உட்பட்டுச் செலவிட வேண்டும். நடுவண் அரசில் தற்போது 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் பின்பற்றப்படுகின்றன. இவற்றின்படி, மானியம் பெற்ற அமைப்பு நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்க வேண்டும். பெற்ற பணம் உரிய நோக்கத்திற்குச் செலவிடப்பட்டது என்று அவ்வமைப்பு தரும் உறுதிமொழியே இச்சான்றிதழ். இது உரிய காலத்தில் வராமல் நிலுவையில் இருப்பதைத் தணிக்கை அறிக்கைகள் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகின்றன.

அரசுக் கொள்முதலில் ஒப்பந்தப்புள்ளி கோருவது அடிப்படை விதியாகும். தமிழ்நாட்டில் இதற்கெனத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. அவசர நிலையைக் காரணம் காட்டி ஒப்பந்தப்புள்ளி நடைமுறையைத் தளர்த்த விதிகளில் இடம் உண்டு. நாள் முன்னரே குறிக்கப்பட்ட விழாக்களில் இத்தளர்வு மிகுதியாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்பு உள்ளது.

தலைமைக் கணக்குத் தணிக்கையர்

தலைமைக் கணக்குத் தணிக்கையர், நடுவண் அரசு, மாநில அரசுகள் ஆகியவற்றின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அரசியலமைப்புப் பதவியாளர் ஆவார். இவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். பதவிக்காலம் 6 ஆண்டுகள் அல்லது 65 வயது, இவற்றில் முன்னர் வருவது. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே முறையில்தான் இவரையும் பதவி நீக்கம் செய்ய இயலும். பதவியிலிருந்து விலகிய பின் இவர் நடுவண் அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி ஏற்க இயலாது. இவரது ஊதியம் அவையின் வாக்கெடுப்புக்கு உட்படாமல் தொகுப்பு நிதியிலிருந்து நேரடியாக வழங்கப்படுகிறது. விடுதலைக்குப் பின் இப்பதவியை முதலில் வகித்தவர் வி. நரஹரி ராவ் (1948–1954).

இப்பதவியின் ஆங்கிலப் பெயரில் பணத்தைக் கட்டுப்படுத்துபவர் என்னும் பொருள்படும் சொல் இடம்பெற்றுள்ளது. பிரித்தானியாவில் இதை ஒத்த அலுவலரின் இசைவு இன்றிக் கருவூலத்திலிருந்து பணம் விடுவிக்கப்படுவதில்லை. இந்தியாவில் அத்தகைய அதிகாரம் தலைமைக் கணக்குத் தணிக்கையருக்கு இல்லை. இவர் செலவைத் தடுத்து நிறுத்த இயலாது. செலவான பின் ஆராய்ந்து அறிக்கை அளிப்பதே இவரது பணி.

தணிக்கை மூன்று வகைகளாகச் செய்யப்படுகிறது:

# நிதித் தணிக்கை - கணக்குகள் சரியாகவும் முறையாகவும் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது.
# இணக்கத் தணிக்கை - சட்டம், விதி, ஆணை ஆகியவை பின்பற்றப்பட்டனவா என்று பார்ப்பது.
# செயல்திறன் தணிக்கை - செலவு சிக்கனமாகவும் திறமையாகவும் செய்யப்பட்டதா, கருதிய பயன் கிடைத்ததா என்று பார்ப்பது.

ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் பட்டியல்கள் அனைத்தும் முறையாக இருந்தால் முதல் இரண்டு தணிக்கைகளில் குறை ஏதும் வெளிப்படாமல் போகலாம். கட்டடத்தில் மருத்துவரோ கருவிகளோ இல்லை என்பதைச் செயல்திறன் தணிக்கையே வெளிக்கொணரும்.

அரசுக்கு வெளியே உள்ள அமைப்புகள்

சுற்றுலா விழாக்களையும் விளையாட்டுப் போட்டிகளையும் பெரும்பாலும் அரசுத் துறைகள் நேரடியாக நடத்துவதில்லை. பதிவு பெற்ற சங்கங்கள், கழகங்கள், தனியார் கூட்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் வழியே பணம் செலவிடப்படுகிறது. இவற்றைத் தணிக்கை செய்வது 1971-ஆம் ஆண்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையர் (கடமைகள், அதிகாரங்கள், பணி நிபந்தனைகள்) சட்டத்தைப் பொறுத்தது. இச்சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, ஓர் அமைப்பு ஓராண்டில் அரசிடமிருந்து பெற்ற மானியமும் கடனும் 25 இலட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், அதன் மொத்தச் செலவில் 75 விழுக்காட்டிற்குக் குறையாமலும் இருந்தால் அது தணிக்கைக்கு உட்படும். மானியமும் கடனும் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத பிற அமைப்புகளைத் தணிக்கை செய்யக் குடியரசுத் தலைவரின் அல்லது ஆளுநரின் முன் ஒப்புதல் வேண்டும். ஆகவே ஒரு விழாவை நடத்தும் அமைப்பு எத்தகையது என்பதைத் தொடக்கத்தில் முடிவு செய்யும்போதே, பின்னாளில் அதன் கணக்கை யார் பார்க்க இயலும் என்பதும் பெருமளவு முடிவாகிவிடுகிறது.

பொதுக் கணக்குக் குழு

தணிக்கை அறிக்கைகளை ஆராயும் நாடாளுமன்றக் குழு பொதுக் கணக்குக் குழு ஆகும். மாண்டேகு-செம்சுபோர்டு சீர்திருத்தங்களைத் தொடர்ந்து 1921-இல் இது முதன்முதலில் அமைக்கப்பட்டது. தற்போது இதில் 22 உறுப்பினர்கள் உள்ளனர் (மக்களவை 15, மாநிலங்களவை 7). அமைச்சர் ஒருவர் இதில் உறுப்பினராக இருக்க இயலாது. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரைத் தலைவராக நியமிக்கும் மரபு பின்பற்றப்படுகிறது. அவ்வாறு முதலில் தலைவரானவர் சுதந்திராக் கட்சியின் மினூ மசானி.

குழுவின் முன் துறைச் செயலாளர்களே சாட்சியம் அளிக்கின்றனர், அமைச்சர்கள் அழைக்கப்படுவதில்லை. விசாரணை மூடிய அறையில் நடைபெறுகிறது. அரசின் கொள்கை சரியா தவறா என்று குழு ஆராய்வதில்லை. அக்கொள்கைக்காகச் செலவிட்ட பணத்தின் கணக்கையே ஆராய்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு விழாவை நடத்தியிருக்க வேண்டுமா என்பது கொள்கை வினா. அவ்விழாவுக்கு வாங்கிய பொருளுக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்தது ஏன் என்பது குழுவின் வரம்புக்குள் வரும் வினா.

குழுவின் பரிந்துரைகளுக்கு அரசு 6 மாதங்களுக்குள் பதில் அளிக்க வேண்டும். குழு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளாத தணிக்கைப் பத்திகளுக்கு, அறிக்கை அவையில் வைக்கப்பட்ட 4 மாதங்களுக்குள் துறைகள் நடவடிக்கைக் குறிப்பு அளிக்க வேண்டும்.

இதனுடன் 30 உறுப்பினர் கொண்ட மதிப்பீட்டுக் குழுவும் (1950), 22 உறுப்பினர் கொண்ட பொது நிறுவனங்கள் குழுவும் (1964) நாடாளுமன்றத்தின் நிதிக் குழுக்களாகச் செயல்படுகின்றன. மதிப்பீட்டுக் குழுவில் மக்களவை உறுப்பினர்கள் மட்டுமே இடம்பெறுவர். மாநிலச் சட்டமன்றங்களிலும் இத்தகைய குழுக்கள் உள்ளன.

எடுத்துக்காட்டு: 2010 பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகள்

2010 அக்டோபர் 3 முதல் 14 வரை தில்லியில் நடைபெற்ற 19-ஆவது பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகள், ஒரு பெருவிழாவின் செலவு எவ்வாறு ஆராயப்படுகிறது என்பதற்கு விரிவான எடுத்துக்காட்டாகும். இப்போட்டிகளை நடத்தும் உரிமை 2003 நவம்பரில் யமேக்காவில் நடந்த கூட்டத்தில் தில்லிக்குக் கிடைத்தது. ஆயத்தப் பணிகளுக்கு ஏறத்தாழ 7 ஆண்டுகள் இருந்தன.

தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை 2011 ஆகஸ்டு 5 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதன் முதன்மையான கண்டறிதல்கள் பின்வருமாறு:

* 2003 மே மாத விண்ணப்ப ஆவணத்தில் சுமார் 1,200 கோடி ரூபாயாக இருந்த மதிப்பீடு, 2010 அக்டோபரில் 18,532 கோடி ரூபாயாக உயர்ந்தது. தொடக்க மதிப்பீட்டில் முக்கியமான பல செலவுகள் சேர்க்கப்படவில்லை. விமான நிலையம், மெட்ரோ இரயில் ஆகியவற்றுக்கான முதலீடுகள் பிந்தைய தொகையில் அடங்கவில்லை.
* அமைப்புக் குழுவின் வரவைவிடச் செலவு மிகுந்தால் அந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்ய அரசு உறுதி அளித்திருந்தது.
* விண்ணப்ப ஆவணத்தில் அரசுக்குச் சொந்தமான சங்கமாகக் கருதப்பட்ட அமைப்புக் குழு, இறுதியில் அரசு சாராத பதிவு பெற்ற சங்கமாக அமைக்கப்பட்டது.
* அமைப்புக் குழுவின் செலவை அதன் வருவாயே ஈடுகட்டும் எனக் கூறப்பட்டது. 2008 சூலையில் 1,780 கோடி ரூபாய் வருவாய் கிடைக்கும் என்று கணிக்கப்பட்டது. உறுதியான வருவாய் 682.06 கோடி ரூபாய் மட்டுமே. அதிலும் நிகரமாகக் கைக்கு வந்தது 173.96 கோடி ரூபாய்.
* 2003 முதல் 2006 வரையிலான ஆண்டுகள் பெரிதும் வீணாயின. அதனால் பின்னர் ஏற்பட்ட அவசரம், ஒப்பந்த விதிகளைத் தளர்த்துவதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

நகர அழகூட்டல், தெருவிளக்கு ஆகிய பணிகளும் தணிக்கை செய்யப்பட்டன. உள்நாட்டு விளக்குகளைவிட மிகக் கூடுதலான விலையில் இறக்குமதி விளக்குகள் வாங்கப்பட்டதை அறிக்கை குறை கூறியது.

இவ்வறிக்கை வருமுன்பே, போட்டிகளுக்கு ஓராண்டுக்கும் மேல் எஞ்சியிருந்த 2009 சூலையில், ஆயத்த நிலை குறித்துத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் ஓர் அறிக்கை அளித்திருந்தார். பணிகளில் காணப்பட்ட தாமதம் அதில் சுட்டிக்காட்டப்பட்டது. செலவு நடந்துகொண்டிருக்கும்போதே தணிக்கை செய்யும் முயற்சி என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது. ஆனால் அதற்குள் முதல் 5 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. மதிப்பீடு, அமைப்பு முறை, அரசின் உறுதிமொழி ஆகியவை முன்னரே முடிவாகிவிட்டன.

போட்டிகள் முடிந்ததும் அரசு, முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையர் வி. கே. சுங்லு தலைமையில் உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது. நடுவண் புலனாய்வுச் செயலகமும் வழக்குகள் பதிந்தது. தெருவிளக்குப் பணி தொடர்பான வழக்கில் 2015-இல் மாநகராட்சி அலுவலர்கள் சிலர் உள்ளிட்டோருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அமைப்புக் குழு தொடர்பான பணமோசடி வழக்கு ஒன்றில், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என அமலாக்க இயக்ககம் அளித்த முடிப்பு அறிக்கையை 2025 ஏப்ரலில் தில்லி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தணிக்கையில் கண்ட குறை வேறு, குற்றவியல் சட்டப்படி மெய்ப்பிக்கப்பட்ட குற்றம் வேறு என்பதை இவ்விரு முடிவுகளும் காட்டுகின்றன. தணிக்கையர் செலவின் தகுதியை ஆராய்கிறார். ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்மானிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கே உண்டு.

எடுத்துக்காட்டு: சுவதேசு தர்சன் திட்டம்

சுற்றுலாத் தலங்களைக் கருப்பொருள் அடிப்படையில் இணைத்து மேம்படுத்தும் சுவதேசு தர்சன் திட்டத்தைச் சுற்றுலா அமைச்சகம் 2015 சனவரியில் தொடங்கியது. இதன் மீதான செயல்திறன் தணிக்கை அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. திட்டத்தைத் தொடங்குமுன் சாத்தியக்கூறு ஆய்வு செய்யப்படவில்லை என்று அவ்வறிக்கை கூறியது. இராமாயணச் சுற்றுப்பாதையில் அமைந்த அயோத்திப் பணிகளில் ஒப்பந்ததாரர்களுக்கு 19.73 கோடி ரூபாய் அளவுக்கு முறையற்ற பயன் கிடைத்ததாகவும் அதில் குறிப்பிடப்பட்டது. பொதுநலவாயப் போட்டிகளைப் போலவே இங்கும் முதன்மைக் குறை, பணம் செலவிடப்படுமுன் செய்ய வேண்டிய ஆய்வைப் பற்றியதாகும்.

மக்கள் வழிக் கண்காணிப்பு

அலுவலகக் கோப்பில் உள்ள கணக்கு உண்மையா என்பதைச் சேவையைப் பெறும் மக்களே நன்கு அறிவர். 1994 திசம்பரில் இராசசுத்தானின் பாலி மாவட்டத்தில் மசுதூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பு நடத்திய மக்கள் விசாரணையில், ஊராட்சிப் பணிகளின் கூலிப் பட்டியல்கள் ஊரார் முன் உரக்கப் படிக்கப்பட்டன. பட்டியலில் உள்ளவர் வேலை செய்தாரா, கூலி பெற்றாரா என்பது அங்கேயே தெரிந்தது. இவ்வியக்கம் தகவல் அறியும் உரிமைக்கான கோரிக்கைக்கு வலு சேர்த்தது. தமிழ்நாடு 1997-இல் தனக்கெனத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. நாடு தழுவிய சட்டம் 2005-இல் நிறைவேறியது.

அதே ஆண்டு இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, திட்டப் பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்கு அளித்தது. ஆந்திரப் பிரதேசம் இதற்கெனத் தனி அமைப்பை உருவாக்கியது. 2011-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் ஆலோசனையுடன் சமூகத் தணிக்கை விதிகள் வெளியிடப்பட்டன. பல துறைகளுக்கும் பொதுவான சமூகத் தணிக்கைச் சட்டத்தை 2017-இல் மேகாலயா நடைமுறைப்படுத்தியது.

ஊரகச் சாலை, பள்ளி உணவு, கூலி வேலை போன்றவற்றுக்கு இம்முறை பொருந்துகிறது. பெருவிழாக்களின் ஒப்பந்தங்களுக்கு இவ்வாறு நேரில் சான்று கூறும் ஊர் என ஒன்று இல்லாததால், அவற்றில் ஆவணங்களை முன்கூட்டியே வெளியிடுவது மேலும் இன்றியமையாததாகிறது.

விமர்சனங்கள்

* காலத்தாழ்வு: தணிக்கை அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்று 151-ஆம் உறுப்பு கூறுகிறது. எத்தனை நாட்களுக்குள் என்று அது வரையறுக்கவில்லை. தில்லியில் நிலுவையில் இருந்த 14 அறிக்கைகள், ஆட்சி மாற்றத்திற்குப் பின் 2025 பிப்ரவரி இறுதியில்தான் அவையில் வைக்கப்படத் தொடங்கின.
* நியமனம்: தலைமைக் கணக்குத் தணிக்கையரைத் தேர்ந்தெடுக்க எதிர்க்கட்சித் தலைவர் இடம்பெறும் குழு எதுவும் இல்லை. தணிக்கைக்கு உள்ளாகும் அரசே தணிக்கையரைத் தேர்வு செய்கிறது என்ற குறை கூறப்படுகிறது.
* கட்டுப்படுத்தும் அதிகாரமின்மை: குழுக்களின் முடிவுகள் பரிந்துரைகள் மட்டுமே. இழந்த பணத்தை மீட்கக் குழுவால் ஆணையிட இயலாது.
* மிகைச் செலவு: அவை ஒப்புக்கொண்டதைவிடக் கூடுதலாகச் செலவிட்டால், பொதுக் கணக்குக் குழுவின் ஆய்வுக்குப் பின் 115-ஆம் உறுப்பின்படி அதை முறைப்படுத்திக்கொள்ளலாம். செலவு முன்னும் ஒப்புதல் பின்னுமாக அமைவதால் அவையின் ஒப்புதல் வெறும் சடங்காகிவிடும் என்று கருதுவோர் உள்ளனர்.
* முடிவெடுக்கத் தயக்கம்: தணிக்கைக்கு அஞ்சி அலுவலர்கள் முடிவெடுக்கத் தயங்குகின்றனர் என்ற எதிர்க்கருத்தும் உண்டு. முடிவெடுத்தபோது இருந்த சூழலைக் கருதாமல் பின்னாளைய விளைவைக் கொண்டு மதிப்பிடுவது முறையன்று என்பது இவர்களது வாதம்.

இவற்றுள் காலத்தாழ்வே விழாச் செலவுகளைப் பெரிதும் பாதிக்கிறது. விழா முடிந்து, அதை நடத்திய சங்கம் கலைக்கப்பட்டு, அலுவலர்கள் வேறு பணிகளுக்குச் சென்ற பின் வரும் அறிக்கை யாரிடமிருந்தும் பணத்தைப் பெற்றுத் தருவது கடினம். விண்ணப்பிக்கும் நிலையிலேயே முழு மதிப்பீட்டை அவையில் வைப்பது, நடத்தும் அமைப்பைத் தொடக்கம் முதலே தணிக்கைக்கு உட்படுத்துவது, பற்றாக்குறைக்கு அரசு அளிக்கும் உறுதிமொழிக்கு உச்சவரம்பு விதிப்பது ஆகியவை இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர்
* பொதுக் கணக்குக் குழு
* வரவு செலவுத் திட்டம்
* தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005
* சமூகத் தணிக்கை
* 2010 பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகள்